வாடகைக்காரர் அல்ல, பயனாளி: இங்கிலாந்தின் ஆம்ஸ்ஹவுஸ் எப்படி இயங்குகிறது?

லண்டனின் தெற்கே குராய்டனில் ட்ராமில் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். ஒரு பக்கம் கடைவீதி, இன்னொரு பக்கம் ட்ராம் தண்டவாளம், மூலையில் உயரமான புகைபோக்கிகளுடன் ஒரு பழைய செங்கல் கட்டடம். மியூசியம் என்று நினைத்துக்கொண்டு கடந்து போகிறவர்கள்தான் அதிகம். உள்ளே ஒரு முற்றம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வீடுகள், அவற்றில் அந்த வட்டாரத்து முதியவர்கள். கேன்டர்பரி பேராயராக இருந்த ஜான் விட்கிஃப்ட் 1596-இல் தொடங்கி 1599-இல் கட்டி முடித்த இடம் இது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் எதற்காகக் கட்டினாரோ அதற்கேதான் இன்னும் பயன்படுகிறது.

இதைத்தான் ஆம்ஸ்ஹவுஸ் என்கிறார்கள். இங்கிலாந்திலும் பிரிட்டனின் மற்றப் பகுதிகளிலுமாகச் சுமார் 1,600 ஆம்ஸ்ஹவுஸ் அறக்கட்டளைகள் இருக்கின்றன. அவற்றில் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 36,000 பேர். கணக்குப் போட்டாலே தெரியும், பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஒரு கிராமத்துத் தேவாலயத்தின் பின்புறம் வரிசையாக ஆறு வீடு, அவ்வளவுதான். அதற்கென்று ஒரு தனி அறக்கட்டளை, நான்கைந்து அறங்காவலர்கள், பகுதி நேரமாகக் கணக்கு வழக்கைப் பார்க்கும் ஒரு கிளார்க்.

சரி, இது முதியோர் இல்லமா? இல்லை. முதியோர் இல்லத்தில் நர்ஸ் இருப்பார், வேளைக்குச் சாப்பாடு வரும், மருந்து எடுத்துத் தருவார்கள். ஆம்ஸ்ஹவுஸில் இருப்பவருக்குத் தனிக் கதவு, தனிச் சமையலறை, தனிச் சாவி. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பது அவர் பாடு. அவசரம் என்றால் இழுக்க ஒரு கயிறோ அழுத்த ஒரு பொத்தானோ இருக்கும். பல இடங்களில் வார்டன் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போவார். அதற்கு மேல் குளிப்பாட்ட, உடை மாற்ற ஆள் வேண்டுமென்றால், சொந்த வீட்டில் இருப்பவருக்கு நகராட்சியின் சமூகப் பராமரிப்புப் பிரிவு ஆள் அனுப்புவதைப் போலவே இங்கும் அனுப்பும்.

அப்படியானால் அரசு வீடா? அதுவும் இல்லை. நம் ஊரில் ஒருவர் கோயிலுக்கு நாலு ஏக்கர் எழுதி வைத்து, அதன் வருமானத்தில் தினமும் விளக்கு எரிய வேண்டும் என்று கட்டளை ஏற்படுத்துவார் அல்லவா? நிறுவியவர் போன பிறகும் நிலம் இருக்கும், வருமானம் வரும், விளக்கு எரியும். ஆம்ஸ்ஹவுஸின் பணக் கணக்கும் ஏறக்குறைய இதேதான். ஒரு வணிகரோ பிஷப்போ பிரபுவோ உயிலில் நிலமும் பணமும் ஒதுக்கி, இந்த ஊர் ஏழை முதியவர்கள் இத்தனை பேருக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அந்த மூலதனம்தான் இன்றுவரை கட்டடத்தைத் தாங்குகிறது. குராய்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் நடுவில் இருக்கும் விட்கிஃப்ட் சென்டர் என்ற வணிக வளாகத்தின் அடிமனை விட்கிஃப்ட் பெயரிலான அந்த அறக்கட்டளைக்குச் சொந்தம். ஒரு காலத்தில் அதே அறக்கட்டளையின் பள்ளிக்கூடம் நின்ற இடம் அது. எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. விலைவாசி ஏற ஏற, பழைய உயிலில் எழுதிய பணம் கூரை ஓடு மாற்றக்கூடப் போதாமல் போன அறக்கட்டளைகள் ஏராளம்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. முதல்முறை கேட்பவர்களை அதிகம் குழப்புவதும் அதுதான். ஆம்ஸ்ஹவுஸில் இருப்பவர் வாடகைதாரர் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர் ஓர் அறக்கட்டளையின் பயனாளி. வீட்டில் இருக்க அவருக்கு அனுமதி இருக்கிறது, குத்தகை உரிமை இல்லை. உள்ளே வரும்போது அவர் கையெழுத்துப் போடுவது வாடகை ஒப்பந்தத்தில் அல்ல. அறங்காவலர்கள் அவரை ‘நியமிப்பதாக’ ஒரு கடிதம் தருகிறார்கள், அதை ஏற்றுக் கையொப்பமிடுகிறார். வாராவாரம் அவர் கட்டும் தொகைக்கும் வாடகை என்று பெயர் கிடையாது. ‘வாராந்திரப் பராமரிப்புப் பங்களிப்பு’ என்பார்கள். சந்தை வாடகையைவிட இது பொதுவாகக் கணிசமாகக் குறைவு. ஓய்வூதிய வயதில் வருமானம் குறைந்தவர்கள் இதற்கும் அரசின் வீட்டு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம்.

பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்டு இரண்டு வழக்குகள் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போயின. 1998-இலும் 2016-இலும் வந்த தீர்ப்புகள் ஒன்றே: ஆம்ஸ்ஹவுஸில் இருப்பவர் அறத்தின் பயனாளியாக இருக்கிறார், வாடகைதாரராக அல்ல. நகராட்சி வீட்டில் இருப்பவர் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அதை விலைக்கு வாங்கும் உரிமை பெறுவதுபோல் இங்கு வாங்க முடியாது. பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. இதனால்தான் அறுநூறு, எழுநூறு ஆண்டு கடந்தும் இந்த வீடுகள் கைமாறிப் போகாமல் ஏழைகளுக்கென்றே நிற்கின்றன என்று அறங்காவலர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனாலும் எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. எண்பது வயதில் ஒருவருக்கு ‘இது என் வீடு’ என்று சட்டத்தின் முன் சொல்ல முடியாத நிலை சாதாரண விஷயமில்லை. நல்ல அறங்காவலர் குழு வாய்த்தால் அவர் இதை உணரவே மாட்டார். குழு மோசமாக அமைந்துவிட்டால் அன்றைக்குத் தெரியும்.

அடுத்து, ஊர். ஆம்ஸ்ஹவுஸைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு அறக்கட்டளைக்கும் ஓர் எல்லை உண்டு. இந்தப் பங்கில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தில்) பிறந்தவர், இந்த நகரில் இத்தனை ஆண்டு வாழ்ந்தவர், இந்தத் தொழில் செய்தவர் என்று நிறுவியவரின் ஆவணத்திலேயே எழுதியிருக்கும். விட்கிஃப்ட் குராய்டன், லாம்பெத் ஆகிய இரண்டு பங்குகளின் ஏழைகளுக்கு என்று எழுதினார். லண்டனின் மைல் எண்டில் 1695-இல் கட்டிய ட்ரினிட்டி ஆம்ஸ்ஹவுஸ் வயதாகிப்போன கப்பல் தலைவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உரியதாக இருந்தது. வாரிக் நகரில் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி 1571-இல் அமைத்தது முதுமையடைந்த, காயப்பட்ட போர்வீரர்களுக்கு.

அன்றைக்கு ஏழைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தந்தப் பங்கின் தலையில் இருந்தது. பக்கத்து ஊர் ஏழை வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற கணக்கும் இந்த எல்லைக்குள் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கஞ்சத்தனமான கோடுதான் இன்றைக்கு இந்த ஏற்பாட்டின் பெரிய பலமாக மாறியிருக்கிறது. வயதான பிறகு வீட்டை விட்டுக் கிளம்புவது ஒரு கஷ்டம். ஊரையே விட்டுக் கிளம்புவது அதைவிடப் பெரிய கஷ்டம். முப்பது வருஷமாகப் பார்க்கும் டாக்டர், கண் மங்கினாலும் எண்ணைப் பார்க்காமலே ஏறத் தெரிந்த பஸ், பேர் சொல்லிக் கூப்பிடும் காய்கறிக்காரர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்தில் உட்காருபவர், இவையெல்லாம் ஒரே நாளில் போய்விடும். ஆம்ஸ்ஹவுஸில் நுழைபவர் பெரும்பாலும் பழைய தெருவிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் போகிறார். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

கொஞ்சம் வரலாறு. யார்க் நகரில் பத்தாம் நூற்றாண்டில் அதெல்ஸ்டன் மன்னர் அமைத்ததை முதல் ஆம்ஸ்ஹவுஸாகச் சொல்வது வழக்கம். இன்றும் ஆள் குடியிருக்கும் பழைய இடம் பார்க்க வேண்டுமென்றால் வின்செஸ்டருக்குப் போக வேண்டும். அங்கே செயின்ட் க்ராஸ் என்ற இடத்தை 1130-களில் பிஷப் ஹென்றி ஆஃப் ப்ளுவா நிறுவினார். இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னரின் பேரன் இவர். உழைக்க முடியாத பதின்மூன்று ஏழைகளுக்குத் தங்குமிடம், தினமும் வாசலில் நூறு பேருக்குச் சாப்பாடு என்பது அவர் ஏற்பாடு. 15-ஆம் நூற்றாண்டில் கார்டினல் போஃபோர்ட் இன்னொரு பிரிவைச் சேர்த்தார். வசதியாக வாழ்ந்து நொடித்துப் போனவர்களுக்கு அது. இன்றும் அங்கே குடியிருப்பவர்களை ‘சகோதரர்’ என்றுதான் அழைக்கிறார்கள். பழைய பிரிவினர் மார்பில் வெள்ளிச் சிலுவை பதித்த கறுப்பு அங்கி அணிவார்கள், போஃபோர்ட் பிரிவினருக்குச் சிவப்பு அங்கி. வாசல் காவலரிடம் போய் வழிப்போக்கர் பங்கு என்று கேட்டால் ஒரு சின்னக் குவளையில் பியரும் ஒரு துண்டு ரொட்டியும் தருவார். கேட்டால்தான் தருவார், அதுவாக வராது. போகிறவர்கள் வெட்கப்படாமல் கேளுங்கள்.

1530-களில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அவற்றோடு சேர்ந்திருந்த பல தரும விடுதிகளும் மூடப்பட்டன. அதற்குப் பிறகு வந்ததுதான் வணிகர்களின் காலம். லண்டன் மேயராக இருந்த ரிச்சர்ட் விட்டிங்டன் அதற்கும் முன்பே, 1423-இல் இறந்தபோது, பதின்மூன்று ஏழைகளுக்கு ஆம்ஸ்ஹவுஸ் அமைக்க உயில் எழுதி வைத்திருந்தார். மெர்சர்ஸ் கம்பெனி என்ற துணி வணிகர் சங்கம் அதைப் பொறுப்பெடுத்து இன்றுவரை நடத்துகிறது. இடம் மட்டும் லண்டன் நடுவிலிருந்து ஹைகேட்டுக்கும், பிறகு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் பக்கமும் மாறிவிட்டது. கொடுத்தவர்கள் எல்லோரும் புனிதர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். லண்டன் ஷோர்டிச்சில் 1714-இல் எழுந்த ஆம்ஸ்ஹவுஸுக்குப் பணம் விட்டுச் சென்ற ராபர்ட் ஜெஃப்ரி அடிமை வணிகத்தில் முதலீடு செய்தவர். அந்தக் கட்டடம் இப்போது வீடுகளின் வரலாற்றைச் சொல்லும் மியூசியம்.

தருமத்தை வாங்கிக்கொள்பவருக்கு நிபந்தனைகளும் கூடவே வந்தன. நார்ஃபோக்கில் காசில் ரைசிங் என்ற சிற்றூரில் நார்தாம்ப்டன் பிரபு ஹென்றி ஹோவர்ட் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்கென்று ஓர் ஆம்ஸ்ஹவுஸ் கட்டினார். அதற்கு அவர் வகுத்த விதிகள் படிக்கச் சுவாரசியமானவை. வருபவர் ஐம்பத்தாறு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், பக்தியும் அடக்கமும் வேண்டும். அப்படி ஒருத்தி கிடைத்தால் வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். திருமணம் செய்துகொண்டால் இடம் போய்விடும். பிச்சையெடுப்பவள், நடத்தை கெட்டவள், சண்டைக்காரி, குடிகாரி, மதுக்கடையே கதி என்று கிடப்பவள் கூடாது. விசேஷ நாட்களில் அங்கே குடியிருக்கும் பெண்கள் ஹோவர்ட் குடும்பச் சின்னம் தைத்த சிவப்பு மேலங்கியும் கூம்பு வடிவக் கறுப்புத் தொப்பியும் அணிந்து தேவாலயத்துக்குப் போகும் வழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது.

இந்த நிபந்தனைகளுக்குப் பின்னால் இருந்த எண்ணம், ‘தகுதியுள்ள’ ஏழை, ‘தகுதியில்லாத’ ஏழை என்ற பாகுபாடு. தகுதியுள்ளவருக்கு முற்றமும் தோட்டமும். மற்றவருக்கு, குறிப்பாக 1834-இல் வந்த ஏழைகள் சட்டத்துக்குப் பிறகு, பணிவிடுதி. அந்தப் பணிவிடுதிகளில் கணவனை ஒரு பக்கமும் மனைவியை இன்னொரு பக்கமும் பிரித்துப் போட்டார்கள், கடின வேலை வாங்கினார்கள். ஏழைகள் அங்கே போக அஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். ஆம்ஸ்ஹவுஸையும் பணிவிடுதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் இங்கிலாந்திலேயே இருக்கிறார்கள். இரண்டும் ஏழைகளுக்கானவை என்பதைத் தவிர ஒற்றுமை எதுவும் இல்லை.

பணம் இருக்கும் இடத்தில் கை நீளாமல் இருக்குமா? செயின்ட் க்ராஸிலேயே நடந்தது. 1808-இல் வின்செஸ்டர் பிஷப் தன் மகனையே அதன் தலைவராக நியமித்தார். பிற்பாடு கில்ஃபோர்ட் பிரபு ஆன அந்த மகன், பல பத்தாண்டுகள் அறக்கட்டளை வருமானத்தில் பெரும் பங்கைத் தானே எடுத்துக்கொண்டார். 1853-இல் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில்தான் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனும் சட்டப்படி உருவானது. இன்றைக்கு ஒரு ஆம்ஸ்ஹவுஸின் பழைய உயிலில் ஒரு விதியை மாற்ற வேண்டும் என்றாலும், எல்லையை விரிக்க வேண்டும் என்றாலும், அநேகமாக அந்தக் கமிஷன் வழியாகத்தான் போக வேண்டும். ஆண்கள் மட்டும் என்று எழுதிய இடங்களில் பெண்கள் வந்தது இப்படியான திருத்தங்களால்தான். 1611-இல் தாமஸ் சட்டன் நிறுவிய லண்டன் சார்ட்டர்ஹவுஸ் பெண்களைச் சேர்த்துக்கொண்டது சமீபத்தில்தான். அங்கேயும் குடியிருப்பவருக்குப் பெயர் ‘சகோதரர்’. பெண்களும் அப்படித்தான் அழைக்கப்படுகிறார்கள்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஆம்ஸ்ஹவுஸ்களின் நிலைமை மோசம். குளியலறை இல்லை, கழிப்பறை வெளியே, சுவரில் ஈரம். அரசே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறது, இனி இவை எதற்கு என்ற பேச்சும் எழுந்தது. 1946-இல் இவற்றைக் காப்பாற்ற ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய ஆம்ஸ்ஹவுஸ் அசோசியேஷன். பழைய இடங்களில் இரண்டு ஒற்றை அறைகளை இடித்துச் சேர்த்து, குளியலறையோடு ஒரே வீடாக்கிய வேலைகள் நிறைய நடந்தன. குராய்டன் கட்டடத்துக்கு அதற்கும் முன்பே ஆபத்து வந்தது. சாலையை அகலப்படுத்த அதை இடிக்கலாம் என்று நகராட்சி திட்டமிட்டது. 1923-இல் பிரபுக்கள் சபை தலையிட்டுத்தான் தடுத்தது.

இது பழம்பெருமை மட்டும் இல்லை என்பதற்கு லண்டன் சதர்க்கில் நல்ல சாட்சி இருக்கிறது. யுனைடெட் செயின்ட் சேவியர்ஸ் என்ற அறக்கட்டளை அங்கே டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பக்கத்தில் 1752-இல் திறந்த ஹாப்டன் ஆம்ஸ்ஹவுஸை நடத்துகிறது. அதே அறக்கட்டளை பெர்மன்ட்சியில், மூடிக்கிடந்த ஒரு பராமரிப்பு இல்லத்தின் இடத்தில், ஆப்பிள்பி ப்ளூ என்ற புதிய ஆம்ஸ்ஹவுஸைக் கட்டியது. விதர்ஃபோர்ட் வாட்சன் மேன் என்ற கட்டடக் கலைஞர்களின் வேலை. 2025-இல் பிரிட்டனின் மிக உயரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டர்லிங் பரிசு அதற்குக் கிடைத்தது. சதர்க்கில் வாழும், வருமானம் குறைந்த, அறுபத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள்.

பழைய ஆம்ஸ்ஹவுஸ் உள்நோக்கி இருக்கும்: வெளியே சுவர், உள்ளே முற்றம், இரவில் கதவைப் பூட்டிவிடுவார்கள். ஆப்பிள்பி ப்ளூவில் முற்றத்தை வைத்துக்கொண்டு சுவரை எடுத்துவிட்டார்கள். பஸ் ஓடும் பெரிய தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல்கள். நடுவில் பொதுச் சமையலறையும் கூடமும், அங்கே அக்கம்பக்கத்தவர்களும் வந்து போகிறார்கள். வீடுகளுக்குப் போகும் நடைபாதையை ஆஸ்பத்திரி வராந்தா போல இருட்டாக விடாமல் அகலமாக, கண்ணாடி போட்டு, செடித் தொட்டிகளும் பெஞ்சுகளும் வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் உட்கார ஓர் இடம், எதிரே யாராவது ஒருவர். நம் ஊர்த் திண்ணையின் வேலையை அந்தப் பெஞ்ச் செய்கிறது.

ஆம்ஸ்ஹவுஸில் இருந்தால் ஆயுள் கூடுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். லண்டன் பேய்ஸ் பிசினஸ் ஸ்கூல் 2023-இல் வெளியிட்ட ஆய்வு 15 ஆம்ஸ்ஹவுஸ்களின் பழைய பதிவேடுகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் சிறந்த இடங்களில் குடியேறியவர்கள், அதே அளவு வசதிக் குறைவுள்ள வெளியாட்களைவிட இரண்டரை ஆண்டு வரை கூடுதலாக வாழ்ந்திருக்கலாம் என்பது அதன் முடிவு. இதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல இடத்தில் இடம் கிடைத்தவர்கள் தொடக்கத்திலேயே ஓரளவு திடமானவர்களாக இருந்திருக்கலாம். தனியாகச் சமாளிக்க முடிந்தவர்களைத்தான் சேர்க்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

குராய்டன், டூட்டிங், ஈஸ்ட் ஹாம் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. வந்து குடியேறியவர்களின் முதல் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களுக்காகச் சில நடைமுறைக் குறிப்புகள். முதலில் உங்கள் பகுதிக்கு எந்த அறக்கட்டளை இருக்கிறது என்று பாருங்கள். நகராட்சியிலோ உள்ளூர் நூலகத்திலோ கேட்கலாம், ஆம்ஸ்ஹவுஸ் அசோசியேஷனும் வழிகாட்டும். வயது, அந்தப் பகுதியில் வசித்த காலம், வருமானம், சேமிப்பு ஆகியவற்றைக் கேட்பார்கள். முகவரியைக் காட்டும் பழைய கவுன்சில் வரி ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில இடங்களில் குறிப்பிட்ட கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள் என்ற நிபந்தனை உண்டு, பல இடங்களில் மதம் ஒரு பொருட்டே இல்லை.

உள்ளே போவதற்கு முன் கேட்க வேண்டியவை: வாராந்திரப் பங்களிப்பில் சூடேற்றும் செலவு சேர்ந்ததா, பேரப்பிள்ளைகள் வந்தால் எத்தனை இரவு தங்கலாம், மாடிப்படி ஏற முடியாமல் போனால் தரைத்தளத்துக்கு மாற்றித் தருவார்களா, உடல்நிலை மோசமானால் அடுத்து எங்கே போவது. கடைசிக் கேள்வியைக் கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் கட்டாயம் கேளுங்கள். சில அறக்கட்டளைகள் தாங்களே பராமரிப்பு இல்லமும் நடத்துகின்றன, பெரும்பாலானவை நடத்துவதில்லை. ஆறு வீடு உள்ள இடத்தில் ஒரு வீடு காலியாக வருஷக்கணக்கில் ஆகலாம். அதனால் தேவை வந்த பிறகு அலைவதைவிட, முன்கூட்டியே காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு, அவ்வப்போது கிளார்க்கைக் கூப்பிட்டு இன்னும் விருப்பம் இருக்கிறது என்று சொல்லி வைப்பது நல்லது.